வியாழக்கிழமைப் பிள்ளைகள்: சர்வீஸ் லேர்னிங்குக்குப் போகும் கல்லூரி மாணவர்களுக்கு

பிப்ரவரி முடிந்து மார்ச் பிறந்ததும், கையில் ஒரு கடிதத்தோடு யாராவது ஒரு மாணவி எங்கள் மன்றத்து வாசலில் வந்து நிற்பாள். "ஆன்டி, எனக்கு நாற்பது மணி நேரம் வேணும்." கடையில் இரண்டு லிட்டர் பால் கேட்பது போலத்தான் கேட்பார்கள். அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. கல்லூரியில் கொடுத்த தாளில் அப்படித்தான் இருக்கிறது: நாற்பது மணி நேரம், மேற்பார்வையாளர் கையொப்பம், முத்திரை. அந்த நாற்பது மணி நேரம் எதற்கு என்று யாரும் அவளை உட்கார வைத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில், ஒரு சின்ன மன்றத்தில் நான் கூடமாட உதவுகிறேன். பிற்பகலில் பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாட வகுப்பு, வியாழக்கிழமை காலையில் முதியோர் கூட்டம். இரண்டுக்கும் மாணவர்கள் வருகிறார்கள். வந்தவர்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டதை, இந்த வருடம் போகப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் பெயரைப் பார்த்துவிடலாம். சர்வீஸ் லேர்னிங் என்பதைத் தமிழில் சேவைவழிக் கற்றல் எனலாம். ஓர் ஊருக்கு உண்மையில் தேவைப்படும் வேலையை அங்குள்ள ஓர் அமைப்போடு சேர்ந்து செய்வது, அந்த வேலையைக் கொண்டே உங்கள் பாடத்தைக் கற்பது. இந்த இரண்டில் ஒன்று குறைந்தாலும் அதற்கு வேறு பெயர். காவடி நாளில் அன்னதானத்துக்குக் காய் நறுக்குகிறீர்களா? அது தொண்டு. யாரும் மார்க் போடமாட்டார்கள், கட்டுரையும் கேட்கமாட்டார்கள். கணக்கு அலுவலகம் ஒன்றில் மூன்று மாதம் உட்கார்ந்து தொழில் பழகுகிறீர்களா? அது சாதாரண இன்டர்ன்ஷிப், அதில் வரும் லாபம் பெரும்பாலும் உங்களுக்கு. சர்வீஸ் லேர்னிங்கில் லாபம் இரண்டு பக்கமும் போகவேண்டும். இன்னொன்றையும் பலர் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் மருத்துவம் முடித்தவர்கள் ஓர் ஆண்டு அரசு மருத்துவமனையில் கட்டாயச் சமூக சேவை செய்யவேண்டும், 1998இல் தொடங்கிய ஏற்பாடு. அது படிப்பு முடிந்தபின் சம்பளத்தோடு செய்யும் வேலை. நாம் பேசுவது படிக்கும்போதே, பாடத்துக்குள்ளேயே நடப்பது.

இந்தச் சொல் பிறந்தது அமெரிக்காவில், 1960களின் பிற்பகுதியில். அதற்கு வழிவகுத்தவர்களில் ஒருவரான ராபர்ட் சிக்மன் 1979இல் மூன்று விதிகளை எழுதினார். என்ன சேவை வேண்டும் என்பதை, சேவை பெறுபவர்களே தீர்மானிக்கவேண்டும். அதன் மூலம் அவர்கள் தங்கள் காரியத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ளவும் பிறருக்கு உதவவும் கூடுதல் வலு பெறவேண்டும். செய்ய வருபவரும் கற்பவர்தான், என்ன கற்கவேண்டும் என்பதில் அவருக்கும் பேச்சு உண்டு. கையேடுகள் எத்தனை பக்கம் இருந்தாலும் பெரும்பாலும் இந்த மூன்றின் விரிவாகத்தான் இருக்கும்.

தென்னாப்பிரிக்காவுக்கு இது வந்த வழி வேறு. நிறவெறி ஆட்சி முடிந்து மூன்று ஆண்டுகளில், 1997இல், உயர்கல்வியை மாற்றியமைப்பது பற்றிய அரசின் வெள்ளை அறிக்கை வந்தது. பல்கலைக்கழகங்கள் தங்கள் அறிவையும் வசதிகளையும் சமூக சேவைத் திட்டங்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்று அது கேட்டது. மதிலுக்குள் இருந்த கல்வி மதிலுக்கு வெளியே இருப்பவர்களுக்கும் பதில் சொல்லவேண்டிய காலம். அதனால் இங்கே சர்வீஸ் லேர்னிங் என்பது நல்ல பிள்ளையாக இருப்பதற்கான பயிற்சி மட்டுமாக இருக்க முடியாது, பின்னால் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. சாட்ஸ்வொர்த்தே 1960களில் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் குடும்பங்களைப் பெயர்த்துக்கொண்டுவந்து போட்டு எழுப்பிய ஊர்தானே.

நம்மவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. 1890இல் ஒப்பந்தக் கூலியாகக் கப்பலில் வந்த எம்.எல். சுல்தான், பின்னாளில் கொடுத்த பணத்தில் உருவான தொழில்நுட்பக் கல்லூரி 1946இல் அமைந்தது. இன்று டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அதுவும் ஒரு பகுதி. கடிதத்தோடு வரும் மாணவிகளில் பாதிப் பேருக்கு அந்தப் பெயர் ஒரு வளாகத்தின் பெயராக மட்டுமே தெரியும். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மணிக்கணக்கு எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். இந்த நாட்டில் ஒரு கிரெடிட் என்றால் 10 மணி நேரக் கற்றல். உங்கள் பாடம் 16 கிரெடிட் என்றால் மொத்தம் 160 மணி நேரம். ஆனால் அத்தனையும் களத்தில் இல்லை. வகுப்பு, வாசிப்பு, குறிப்பேடு, கட்டுரை, தேர்வுக்குத் தயாராவது எல்லாம் அதற்குள் அடக்கம். களத்துக்கு எத்தனை என்பது பாடத்துக்குப் பாடம் மாறும், பாடக் குறிப்பைத் திறந்து பாருங்கள். இதைப் பார்க்காமல் வந்து மே மாதக் கடைசியில் "ஆன்டி, இன்னும் இருபத்திரண்டு மணி நேரம் பாக்கி, தினமும் வரட்டுமா?" என்று கேட்பவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. தினமும் வந்தால் இங்கே என்ன வேலை இருக்கிறது? பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு, வகுப்பே பாதி காலி.

போவதற்கு முன் முடிக்கவேண்டிய காகித வேலை சலிப்பானதுதான். ஆனால் அங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கல்லூரியின் அறிமுகக் கடிதமும், கல்லூரி, அமைப்பு, மாணவர் மூவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தத் தாளும் வேண்டும். யார் மேற்பார்வை, எந்த நாள், என்ன வேலை, அடிபட்டால் யார் பொறுப்பு, காப்பீடு உண்டா என்பதெல்லாம் அதில் இருக்கவேண்டும். இல்லையென்றால் கேளுங்கள், கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. குழந்தைகள் இருக்கும் இடம் என்றால் இன்னும் ஒரு படி. 2005ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின்படி ஒரு தேசியப் பதிவேடு இருக்கிறது. குழந்தைகளோடு வேலை செய்யத் தகுதியற்றவர்கள் என்று முடிவானவர்களின் பெயர்கள் அதன் இரண்டாம் பகுதியில் இருக்கும். உங்கள் பெயர் அதில் இல்லை என்று சரிபார்த்த பிறகுதான் உங்களைப் பிள்ளைகளிடம் விடலாம். பாலியல் குற்றவாளிகளுக்கென்று தனிப் பதிவேடு ஒன்றும் உண்டு. பதில் வர வாரக்கணக்கில் ஆகலாம், பிப்ரவரியிலேயே மனுப் போட்டுவிடுங்கள். "என்னைப் பார்த்தால் அப்படியா தெரிகிறது?" என்று ஒரு தம்பி கோபித்துக்கொண்டான். யாரைப் பார்த்தாலும் தெரியாது என்பதால்தானே பதிவேடு வைத்திருக்கிறார்கள். சுகாதாரத் துறை மாணவர்களும் சமூகப்பணி மாணவர்களும் தங்கள் தொழில் மன்றங்களில் மாணவராகப் பதிந்திருக்கவும் வேண்டும்.

சரி, உள்ளே வந்துவிட்டீர்கள். இனி வருவது எந்தத் தாளிலும் முழுதாக இருக்காது.

வருகை. எங்கள் வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு ஓர் ஆயா வருவார், எண்பது தாண்டிவிட்டது. போன வருடம் ஒரு மாணவி அவருக்கு மருந்துச் சீட்டு வாசித்துக் காட்டுவாள், பேரனுக்கு வாட்ஸாப்பில் குரல் செய்தி அனுப்ப உதவுவாள். இரண்டாவது மாதத்தில் ஆயா வியாழன்தோறும் நல்ல புடவை கட்டிக்கொண்டு, பையில் ஒரு டப்பாவில் முறுக்கோடு வர ஆரம்பித்தார். ஒரு வாரம் மாணவி வரவில்லை. அசைன்மென்டாம். எங்களுக்கும் சொல்லவில்லை. ஆயா பதினொன்றரை வரை வாசல் பக்கமாகவே நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். "வியாழக்கிழமைப் பாப்பா வரலியா?" என்று மூன்று தடவை கேட்டார். டப்பாவைத் திறக்கவே இல்லை.

உங்கள் வருகைத் தாளில் அது மூன்று மணி நேரக் கழிவு, அவ்வளவுதான். அடுத்த வாரம் ஈடுகட்டிவிடலாம். ஆகவேதான் வரமுடியாவிட்டால் முதல் நாளே சொல்லுங்கள் என்கிறோம். உடம்பு சரியில்லையா, டாக்சி ஓடவில்லையா, காலையில் ஒரு செய்தி போதும். நேரம் என்றால் நம் கல்யாண வீட்டு நேரம் வேண்டாம். ஒன்பது என்றால் ஒன்பது.

பேச்சும் மரியாதையும். எங்கள் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் சாட்ஸ்வொர்த்தை ஒட்டிய வெல்பெடாக்ட் பக்கத்திலிருந்தும் பாட்டில்பிரஷ் குடிசைப் பகுதியிலிருந்தும் வருகிறார்கள், வீட்டில் சூலு மொழி பேசுகிறவர்கள். அழைத்துப் போக வரும் பாட்டியை 'கோகோ' என்று கூப்பிடுங்கள், பெரியவரை 'பாபா' என்று. 'சனிபொனானி' என்று வணங்கிவிட்டு, பதில் வந்து, நலம் விசாரித்த பிறகுதான் காரியம். எடுத்தவுடன் படிவத்தை நீட்டினால், அது நம் வீட்டில் செருப்போடு பூஜையறைக்குள் நுழைவது மாதிரி. அவர்கள் எதையாவது கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்குங்கள். இதை நம் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை, தாத்தாவிடம் திருநீறு வாங்கிய கை அப்படித்தான் நீளும். இளையவர்கள் பெரியவர்களின் கண்ணை நேராகப் பார்க்காமல் பேசுவது அவர்களிடம் மரியாதை. குனிந்து பதில் சொல்லும் பிள்ளையைப் பொய் சொல்கிறான் என்று எண்ணிவிடாதீர்கள்.

அடுத்தது, கேட்காமல் கைவைக்காதீர்கள். இதற்கு ஒரு கதை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குழு வந்து, மன்றத்துப் பின்பக்கம் தோட்டம் போடுகிறோம் என்றது. நல்ல பிள்ளைகள், வேர்க்க வேர்க்க ஒரே காலையில் களையெல்லாம் பிடுங்கிப் பாத்தி கட்டித் தக்காளி நட்டார்கள். மாலையில் வந்த கோகோ ஒருவர் வேலியோரம் நின்று வெகுநேரம் பார்த்தார். அவர்கள் களை என்று பிடுங்கியது, அவர் வாரம் இரண்டு முறை பறித்துக்கொண்டு போகும் இம்ஃபீனோ. தானாக முளைக்கும் கீரைகளுக்குச் சூலுவில் அந்தப் பெயர். அதில் பாதி, நம் அம்மாக்கள் துவரம்பருப்போடு கடைந்த அதே முளைக்கீரை. எங்களில் யாராவது அன்று பக்கத்தில் நின்றிருக்கவேண்டும், அது எங்கள் தவறும்தான். தக்காளி என்ன ஆயிற்று என்கிறீர்களா? மே மாதம் நட்டது. ஜூனில் தேர்வு, அப்புறம் விடுமுறை. இங்கே மழை கோடையில்தான், ஜூன் ஜூலையில் மண் காய்ந்து கிடக்கும். தண்ணீர் ஊற்ற ஆளில்லை. ஆகஸ்டில் அடுத்த குழு வந்து, காய்ந்த குச்சிகளைப் பார்த்துவிட்டு, "ஆன்டி, இங்கே ஒரு தோட்டம் போட்டால் என்ன?" என்றது.

எந்த யோசனையோடு வந்தாலும் முதல் இரண்டு வாரம் அதைப் பையிலேயே வைத்திருங்கள். ஏற்கெனவே என்ன நடக்கிறது, யார் பார்த்துக்கொள்கிறார்கள், நீங்கள் போன பிறகு யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத வேலையைத் தொடங்காமல் விடுவதே நல்லது என்பது என் கட்சி. கல்லூரிக்காரர்கள் சிலர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மாணவர் முயன்று பார்ப்பதே கற்றல் என்பார்கள். முயலட்டும், ஆனால் கோகோவின் கீரையில் வேண்டாம்.

உங்கள் திறமைக்குள் நில்லுங்கள். இரண்டாம் ஆண்டு உளவியல் படிப்பவர் ஆலோசனை சொல்ல உட்காரக்கூடாது, சட்டம் படிப்பவர் தனியாகச் சட்ட ஆலோசனை கொடுக்கக்கூடாது. மேற்பார்வை இருந்தால் கதையே வேறு. 1994 முதல் தண்டவாளத்தில் ஊர் ஊராகப் போகும் ஃபெலோஃபெபா மருத்துவ ரயிலைப் பாருங்கள். இறுதி ஆண்டு மாணவர்கள்தான் அதில் கண் பார்க்கிறார்கள், பல் பார்க்கிறார்கள், பக்கத்திலேயே தகுதி பெற்றவர் நிற்பார். மருத்துவரே இல்லாத ஊரில் நூற்றுக்கணக்கானோர் வரிசையில் நிற்க, மாணவர் ஒரு வாரத்தில் பார்ப்பதை வளாகத்து மருத்துவ நிலையத்தில் பார்க்கமுடியாது. ஊருக்கும் பயன், மாணவருக்கும் பயன். சர்வீஸ் லேர்னிங் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த ரயில்தான்.

ரகசியமும் படமும். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை முதல் முழுதாக அமலில் இருக்கிறது. பிள்ளைகளின் பெயர், முகம், வீட்டு நிலை, முதியோரின் நோய், உதவித்தொகை எல்லாம் அவர்களுடைய சொத்து. வாட்ஸாப் ஸ்டேட்டஸில் ஏழைக் குழந்தையோடு செல்ஃபி போடும் பழக்கத்தை வாசலிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். கல்லூரி அறிக்கைக்குப் படம் கட்டாயம் வேண்டும் என்றால் பெற்றோரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், அல்லது கைகளை மட்டும், கரும்பலகையை மட்டும் எடுங்கள். குறிப்பேட்டில் பெயர் வேண்டாம், 'மூன்றாம் மேசைப் பையன்' போதும்.

ஆனால் ரகசியத்துக்கும் எல்லை உண்டு. ஒரு பிள்ளை மேல் அடித்த தழும்பைப் பார்க்கிறீர்கள், அல்லது அது சொல்வதைக் கேட்டு உங்களுக்கு வயிறு கலங்குகிறது. "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். குழந்தைகள் சட்டத்தின் 110ஆம் பிரிவு, ஆசிரியர், மருத்துவர், சமூகப்பணியாளர் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, குழந்தைப் பராமரிப்பு இடங்களில் இருக்கும் தன்னார்வலரையும் சேர்த்திருக்கிறது. நியாயமான காரணம் இருந்தால் குழந்தைப் பாதுகாப்பு அமைப்புக்கோ, சமூக மேம்பாட்டுத் துறைக்கோ, காவல்துறைக்கோ தெரிவித்தே ஆகவேண்டும். நீங்கள் துப்பறிய வேண்டாம், பிள்ளையைக் குடைந்து கேட்கவும் வேண்டாம். அன்றே மேற்பார்வையாளரிடம் போங்கள், பிள்ளை சொன்ன வார்த்தையை அப்படியே எழுதி வையுங்கள். முதியவரைத் துன்புறுத்துகிறார்கள் என்ற சந்தேகத்தைத் தெரிவிக்கும் கடமை 2006ஆம் ஆண்டு முதியோர் சட்டத்திலும் இருக்கிறது. பென்ஷன் நாளில் மட்டும் பாசம் காட்டும் உறவினர்களை நீங்கள் பார்ப்பீர்கள்.

பணம் கடன் கொடுக்காதீர்கள், வாங்காதீர்கள். பிள்ளையைத் தனியாக உங்கள் காரில் ஏற்றாதீர்கள். ஒருவருக்கு மட்டும் பரிசு வாங்கி வராதீர்கள். விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

இப்போது மார்க் கிடைக்கும் இடம். மணி நேரத்துக்கு மார்க் கிடையாது, கற்றதற்குத்தான். அதைக் காட்டும் வழி சிந்தனைக் குறிப்பு. பல கல்லூரிகளில் மூன்று கேள்விகள் கொடுப்பார்கள்: என்ன நடந்தது? அதனால் என்ன? இனி என்ன? பெரும்பாலோர் முதல் கேள்வியிலேயே கூடாரம் அடித்துவிடுகிறார்கள். "இன்று பிள்ளைகளோடு மகிழ்ச்சியாக நேரம் கழிந்தது. அவர்கள் சிரிப்பைப் பார்த்து என் மனம் நிறைந்தது. எனக்குக் கிடைத்த வசதிகளுக்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னேன்." இப்படி ஐந்து வாரம் ஒரே குறிப்பை எழுதியவரைப் பார்த்திருக்கிறேன். இதில் பிள்ளைகளே இல்லை. எழுதியவரின் மனம்தான் நிறைந்து வழிகிறது.

கல்வியியல் மாணவி ஒருத்தி எழுதியதை, அவள் அனுமதியோடு சுருக்கிச் சொல்கிறேன். மூன்றாம் மேசைப் பையன், நான்காம் வகுப்பு, ஆங்கிலப் பாடத்தைத் தட்டுத்தடுமாறாமல் வாசித்தான். "நாய் ஏன் ஓடியது?" என்று கேட்டபோது அதே வரியை மறுபடி வாசித்தான். இரண்டாவது முறை கேட்டபோதும் அப்படியே. சூலுவில் தோழியை விட்டுக் கேட்கச் சொன்னதும், வாய் ஓயாமல் வேறு ஒரு நாயின் கதையையே சொன்னான். இதுவரை முதல் கேள்வி. அடுத்து அவள் பாடத்துக்குப் போனாள். இங்கே பல பள்ளிகளில் மூன்றாம் வகுப்புவரை தாய்மொழியில் படித்துவிட்டு, நான்காம் வகுப்பில் ஒரேயடியாக ஆங்கிலத்துக்கு மாறுகிறார்கள். 2021இல் நடந்த பிர்ல்ஸ் என்னும் உலக வாசிப்பு ஆய்வில், தென்னாப்பிரிக்காவின் நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேரால் பொருள் புரிந்து வாசிக்க முடியவில்லை. அந்த 81 பேரில் ஒருவன் தன் எதிரில் உட்கார்ந்து பென்சிலைக் கடித்துக்கொண்டிருக்கிறான் என்று எழுதியிருந்தாள். மூன்றாவது கேள்விக்கு அவள் பதில் சின்னது: அடுத்த வாரம் கதையை முதலில் சூலுவில் பேசவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் வாசிக்க வைப்பேன். வைத்தாள். பாதி பலித்தது. பலிக்காத பாதியையும் எழுதினாள். நல்ல மார்க் வாங்கினாள் என்று கேள்வி.

சங்கடமாக இருந்ததையும் எழுதலாம், நாற்றம், பயம், எரிச்சல் எல்லாம். தன் தாத்தா வேலைக்காரப் பெண்ணைக் கூப்பிடும் சொல் தன் வாயில் வந்துவிட்டது என்று ஒரு தமிழ்ப் பையன் எழுதியதை நான் இன்னும் மறக்கவில்லை. அது ஒன்றுக்கே அந்த செமஸ்டர் தகும்.

உங்களுக்கும் எதிர்பார்க்க உரிமை உண்டு. நாற்பது மணி நேரமும் தரை பெருக்கவும் போட்டோகாப்பி எடுக்கவும் வைத்தால் அது இலவசக் கூலி. பாடத்தோடு தொடர்புள்ள வேலை, பேச நேரம் ஒதுக்கும் மேற்பார்வையாளர், இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேரும் நேரம், இந்த மூன்றையும் கேளுங்கள். யாராவது தப்பாக நடந்தால் வேலையை விட்டு எழுந்து வந்துவிடுங்கள், மணிக்கணக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் விரிவுரையாளரின் எண் முதல் நாளே கையில் இருக்கட்டும்.

கடைசியாக, விடைபெறுதல். இதற்கு எந்தக் கையேடும் அரைப் பக்கத்துக்கு மேல் ஒதுக்கி நான் பார்த்ததில்லை. மூன்று வாரம் முன்பே சொல்லத் தொடங்குங்கள்: "ஆயா, இன்னும் மூணு வியாழன்தான் வருவேன்." அடுத்த வாரம் இரண்டு, அப்புறம் ஒன்று. "அடிக்கடி வந்து பார்க்கிறேன்" என்று சொல்லாதீர்கள், வரமாட்டீர்கள். வந்தால் வந்துவிட்டுப் போங்கள், முன்கூட்டிச் சொல்லத் தேவையில்லை. சாவியைத் திருப்பிக் கொடுங்கள், பிள்ளைகளின் படங்கள் போனில் இருந்தால் அழியுங்கள்.

அடுத்து வருபவருக்கு ஒரு பக்கம் எழுதி வைத்துவிட்டுப் போங்கள். எங்கள் அலமாரியில் அதற்கென்று ஒரு நீல அட்டை நோட்டு இருக்கிறது. போன நவம்பரில் எழுதிய கடைசிப் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "மூன்றாம் மேசைப் பையனுக்குக் கண்ணாடி வந்துவிட்டது, இனி முன்வரிசையில் உட்கார வைக்கத் தேவையில்லை. ஆயாவுக்கு இடது காதில் பேசவேண்டும். பின்பக்கம் முளைப்பது களை இல்லை."